மாலே நகரத்துக் கிணறும் சித்தூர்த் தேங்காயும்

மாலே நகரம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டால், படித்தவர்கள் பவளப்பாறை மேல் என்பார்கள். என்னைக் கேட்டால் என் பம்பு மேல் என்பேன். அந்த நாட்டு அரசாங்கம் இதுவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, அவர்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

போன மாதம் சாந்திபுரத்துத் தம்பியின் மகன் ரகு போனில் முகம் காட்டிப் பேசினான். இப்போது அவன் மாலேவில் ஏ.சி. மெக்கானிக். கடல் மேல் கட்டியிருக்கிற பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அடுக்கடுக்காய்க் கட்டடம். தீப்பெட்டிகளை நிறுத்தி வைத்த மாதிரி.

"பெரிப்பா, பாத்தியா? ஏர்போர்ட்லருந்து ஊருக்கு வண்டிலயே வந்துக்கினு கீறேன். நீ என்னமோ வூட்டுக்கு வூடு கிணறு இருந்துச்சுன்னு சொல்வியே? ஒண்ணுகூட காணமே. நெஜமா இருந்துச்சா, இல்ல நீ உட்டதா?"

உட்டதா! பதினான்கு வருடம் அந்த ஊர்த் தண்ணீரில் நின்ற கால் இது. அந்தக் கோபத்தில்தான், எங்கள் பம்பு மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதிக் கொடு என்று கேட்டபோது சரி என்றேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்து கற்றது சினிமா போஸ்டரில். அதனால் எனக்கு எழுத்து கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். விஷயமும் பெரிதாகத்தான் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா ஊரான் நிலத்தில் ஏற்றம் இறைத்தார். நான் சித்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் ஒட்டிக்கொண்டு, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டவும் பம்பு பிரிக்கவும் கற்றேன். பிறகு போர் போடும் லாரியோடு குப்பம், பலமநேர், புங்கனூர் என்று சுற்றினேன். அங்கேதான் தேங்காய் பார்க்கும் வித்தை வந்தது. குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, நிலத்தில் மெதுவாக நடக்க வேண்டும். கீழே ஊற்று இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். தானாக நிற்குமா, நாம் நிற்க வைப்போமா என்பது தொழில் ரகசியம். இந்த வயதிலும் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துப் பூமி வறண்டு போனது. அறுநூறு அடி போட்டாலும் குழாயிலிருந்து புகைதான் வந்தது. நாட்டைத் திறந்து விட்டாச்சு, தாராளமயம் என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், வீட்டுக்கு ஓர் ஆள் ஊரில் இல்லை என்பது. பெங்களூருக்குப் பாதி, சென்னைக்குப் பாதி, கொஞ்சம் தைரியசாலிகள் வளைகுடாவுக்கு. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஏஜெண்டு என்னிடம், "மாலத்தீவுல தண்ணி வேலை தெரிஞ்ச ஆள் கேக்கறாங்க" என்றார். பாவம், கடலுக்கு நடுவில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள், நாம் போய் போர் போட்டுக் காப்பாற்றுவோம் என்று நினைத்துக் கிளம்பினேன்.

கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. எஞ்சினியர் வேலைக்குப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். என் பெண்டாட்டியின் தம்பி செங்கல்ராயன் ஒருத்தன்தான் சிரித்தான்.

"மாமா, ஸ்க்ரூ டிரைவரு புடிச்சவன்லாம் எஞ்சினியரா? மாங்கா சீசனுக்குள்ள மூட்டையோட வந்து எறங்குவ பாரு."

"வந்தா என் மீசைல ஒரு பக்கம் எடுத்துக்கறேன்டா மச்சான். வரலன்னா நீ எடுத்துக்கறியா?"

"எடுத்துக்கறேன். ஒரு பக்கம்தானே? சந்தைக்கு அப்படியே போறேன்."

ஊரே சாட்சி. என் மீசை அப்போது எப்படி இருக்கும் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பொங்கல் கழிந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினேன். இறங்கும்போது ஜன்னலில் பார்த்தால் கீழே கடல், கடல், கடல். கடலுக்கு நடுவே ஒரு தட்டு. தட்டு நிறைய வீடு. அதுதான் தலைநகரம்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரத்தைப் பிடித்து நடந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்பின இடத்துக்கே வந்து விடலாம். அதற்குள் ராஜாங்கம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, மசூதி, மீன் மார்க்கெட்டு, எங்களை மாதிரி பிழைக்க வந்த கூட்டம், எல்லாம். திருமலையில் தர்ம தரிசனக் கம்பார்ட்மெண்டில் நின்றிருப்பீர்களே, அதில் கதவு திறக்காமல் அங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஒருத்தன் மேல் ஒருத்தன் இடிக்க மாட்டான். நெரிசலில் பிறந்தவர்களுக்கு விலகத் தெரியும்.

வீடுகளுக்கு நம்பர் கிடையாது, பேர்தான். ரோஜா வீடு, நட்சத்திர வீடு, இப்படி. தபால்காரருக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு வதந்தியைக் கிழக்குக் கரையில் சொல்லிவிட்டு மேற்குக் கரைக்கு நடந்தால், அது நமக்கு முன்னாலேயே போய் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

பழைய கதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மூசா பே. அங்கே அண்ணனைப் 'பேபே' என்பார்கள், சுருக்கினால் 'பே'. எங்கள் சைட்டு சூப்பர்வைசர் அவர்தான். சின்ன வயதில் தோணியில் மாசிக் கருவாடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கும் மாலேவுக்கும் போய் வந்தவர். அதனால் தூத்துக்குடித் தமிழைப் பிளந்து கட்டுவார். என் தமிழைக் கேட்டு முதல் நாளே முகம் சுளித்தார்.

"ஏல, நீ பேசுதது என்ன பாசை?"

"தமிழுதான் பே."

"'கீது', 'இன்னா', நடுவுல நடுவுல தெலுங்குல 'அந்தே'ங்க. இதையால தமிழ்னு சொல்லுத? தமிழு நான் பேசுதேன் பாரு."

கடல் தாண்டிப் போய் என் தமிழுக்குத் திட்டு வாங்கிய ஒரே சித்தூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

மூசா பே சத்தமே போட மாட்டார். இடுப்பில் ஒரு சின்னக் கத்தியும் பாக்கும் இருக்கும். கோபம் வந்தால் பாக்கைச் சீவ ஆரம்பிப்பார். பாக்கு எவ்வளவு மெல்லிசாக விழுகிறதோ அவ்வளவு கோபம். காகிதம் மாதிரி விழுந்தால் நாங்கள் எல்லோரும் வேலை இருக்கிறதோ இல்லையோ எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுவோம். நல்ல மனநிலையில் இருந்தால் டீக்கடையில் மீன் உருண்டை வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை சொல்வார். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர் இருந்ததாம். அதை இடித்துக் கடலில் கொட்டித் தரை ஆக்கினார்களாம். தெருவெல்லாம் வெள்ளை மணல், விடிந்ததும் பெண்கள் கோடு விழப் பெருக்குவார்களாம். வீடு கட்டக் கடலுக்குள் போய்ப் பவளக் கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில், ஒரு வருடம் அலை ஊருக்குள்ளேயே வந்து விட்டதாம். அதற்குப் பிறகு கரையில் கான்கிரீட் முள்ளுகளை அடுக்கினார்கள்.

"இப்ப மத்த தீவுக்காரன் பூரா பிள்ளையப் படிக்க வைக்க இங்கதான் வாரான். தரை வளரலைல்லா. அதான் மேல ஏறுதோம்" என்பார்.

மேலே ஏற வேண்டுமானால் முதலில் கீழே இறங்க வேண்டும். அங்கேதான் நான் வந்தேன்.

முதல் சைட்டு, மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டு மனையில் ஆறு மாடி கட்டப் போகிற இடம். "தண்ணிக்குழி எங்க போடணும்னு பாருல" என்றார் மூசா பே. நான் என்ன செய்வேன்? கை பழக்கம். ஓரத்தில் கிடந்த தேங்காய்களில் ஒரு நல்ல குடுமித் தேங்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பெருமாளை மனதுக்குள் நினைத்துக்கொண்டு வாய் முணுமுணுக்க ஓர் அடி வைத்தேன். தேங்காய் நின்றது. அடுத்த அடி. நின்றது. வடக்கே போனேன், நின்றது. தெற்கே போனேன், படுக்கவே மாட்டேன் என்றது. என் பிழைப்பில் அப்படி ஒரு தேங்காயை நான் பார்த்ததில்லை.

"என்னல பண்ணுத?"

"தண்ணி எங்க கீதுன்னு பாக்கறேன் பே."

மூசா பே என்னைத் தோளைப் பிடித்து மனையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். யாரோ இடுப்பளவு வெட்டிப் போட்ட குழி. அதில் பளபளவென்று தண்ணீர் நின்றது.

"தண்ணி இல்லாத எடம் எங்கன்னு தேங்காயக் கேட்டுச் சொல்லு. உனக்குச் சிலை வைக்கேன்."

அப்போதுதான் புரிந்தது. நான் வந்தது தண்ணீரைத் தேட இல்லை, துரத்த. அஸ்திவாரக் குழி காய்ந்திருந்தால்தான் கம்பி கட்டி கான்கிரீட் போட முடியும். நம் ஊரில் அறுநூறு அடியில் கெஞ்சினாலும் வராத சனியன், இங்கே கூப்பிடாமலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சைட்டில் இருந்த பங்களாதேஷ் பையன்கள் உருண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் பேர் 'தேங்காய்'.

இதில் நான் கவனிக்காத ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். பேர் பாத்துமா. ஐம்பது வயதுக்கு மேல். கழுத்தில் சரிகைப் பின்னல் வைத்த நீளச் சட்டை, கையில் துடைப்பம். கணவர் இல்லை, பிள்ளைகள் வேறு தீவில் வேலை, தனியாக இருந்தார். அங்கே அக்காவைத் 'தாத்தா' என்று கூப்பிட வேண்டும். மீசை வைத்த நான் ஒரு பெண்மணியைத் தாத்தா என்று கூப்பிட எனக்கு ஒரு வாரம் ஆனது. அவருடைய வீடு பவளக்கல்லில் சுண்ணாம்பு வைத்துக் கட்டின பழைய வீடு, பேர் ரோஜா வீடு. பின்பக்கம் சீமைப்பலா மரம், அதை ஒட்டிக் கூரையில்லாத குளிக்கிற கட்டு, அதற்குள் கிணறு. கிணற்றின் வாய் ஒரு அண்டா அளவு. நீளக் கம்பில் தகர டப்பா கட்டி மொண்டு ஊற்றிக்கொள்வார்.

வேலை முறையைச் சொல்கிறேன், தொழில் செய்கிறவர்களுக்கு உதவும். குழியின் நான்கு மூலையிலும் அடியில் ஓட்டை போட்ட டிரம்மை இறக்க வேண்டும். டிரம்மைச் சுற்றி ஜல்லி, ஜல்லிக்கு வெளியே தென்னை நார். உறிஞ்சு குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். இதெல்லாம் எதற்கென்றால், தண்ணீர் வரலாம், மணல் வரக் கூடாது. மணல் வந்தால் அது பக்கத்து வீட்டு அடிமணல். அவர்கள் வீட்டை ஸ்பூனால் தோண்டித் துன்னுகிற மாதிரி. பம்பு நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் குழி நிரம்பி விடும்.

என் பம்பு ஒரு பொட்டு மணல்கூட எடுக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை. ஆனால் தண்ணீரை எடுத்தது. மூன்றாம் நாள் பாத்துமா தாத்தாவின் டப்பா கிணற்றுக்குள் 'டங்'கென்று தரையில் இடித்தது. அதே நாள் எங்கள் குழியைப் பார்த்த அவர் வீட்டுச் சுவரில் முடி மாதிரி ஒரு விரிசல் கிளம்பியது. ஈரம் இருக்கிறவரை இறுகி நின்ற மணல், தண்ணீர் இறங்கினதும் உட்கார ஆரம்பித்து விட்டது. பவளக்கல் வீடு, அதற்கு ஏது கம்பி, ஏது தூண்?

மூசா பே விரிசலின் குறுக்கே மெல்லிய சிகரெட் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினார். சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். மறுநாள் காலை கிழிந்திருந்தது. இன்னொன்று ஒட்டினார். அதுவும் கிழிந்தது. அவர் கையிலிருந்து பாக்கு விழ ஆரம்பித்தது. வெங்காயத் தோல் மாதிரி.

பாத்துமா தாத்தா துடைப்பத்தோடு சைட்டுக்குள் வந்தார். அவர் பேச்சு அப்போது எனக்குப் புரியாது, மூசா பே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"இந்த ஆளு மந்திரக்காரன். தேங்காய வெச்சு என் தண்ணிய இழுத்துட்டான். நான் என் கண்ணால பாத்தேன். மூணு தலைமுறையா வத்தாத கிணறு. தேங்காயால எடுத்தான்ல, தேங்காயாலயே திருப்பி வெக்கச் சொல்லு."

"அக்கா, அது மந்திரம் இல்ல, மெசினு."

"மெசினு எல்லா சைட்லயும்தான் இருக்கு. தேங்காய் இவன்கிட்டதானே இருக்கு?"

மூசா பே இன்னொரு பாக்கை எடுத்தார்.  பாத்துமா தாத்தா நேராக வார்டு ஆபீசில் போய்ச் சொல்லி விட்டார். அங்கிருந்து ஒரு ஆபீசர் வந்தார். மரியாதையான மனிதர், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவேன், கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இருந்தால் வேலையை நிறுத்து, பம்புக்காரனை ஊருக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூசா பே என்னைக் கூப்பிட்டார். "ஏல தேங்கா, பெட்டிய கட்டிக்க. பம்ப நிறுத்துனா குழி நெறையும், குழி நெறஞ்சா வேலை போவும். பம்பு ஓடுனா அவ கிணறு வத்தும், உன் வேலை போவும். ரெண்டுல எதுன்னாலும் நீ போவ."

 பங்குனிதான் நடக்கிறது. எங்கள் பக்கம் மாங்காய் இன்னும் பிஞ்சு. செங்கல்ராயன் பஸ் ஸ்டாப்பில் கத்தியோடு நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டைப் பற்றியும் நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அம்மா தினம் அந்தச் சுவரில் கையை வைத்து வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அது விழுந்தால் அந்த ஊரில் அவருக்கு இன்னொரு சுவர் ஏது? ஆனால் உண்மையைச் சொன்னால், முதலில் மீசை. அப்புறம்தான் சுவர்.

அப்போதுதான் என் மண்டையில் பெரிய மூளை வேலை செய்தது. ஆபீசர் என்ன சொன்னார்? ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்று சொன்னாரா? இல்லையே! பம்பு துப்புகிற தண்ணீர் தெருக் கால்வாய் வழியே கடலுக்குத்தானே போகிறது? அதைக் கொஞ்சம் திருப்பினால்?

வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஊர் அப்படியே அடங்கி விடும். கடை மூடி, ஆண்கள் எல்லாம் தொழுகைக்குப் போய் விடுவார்கள். பாத்துமா தாத்தா வெள்ளிக்கிழமைதோறும் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரம் பார்த்து, பம்பின் வெளிக்குழாயை மதில் ஓரத்து ஓட்டை வழியாக உள்ளே விட்டேன். நேராகக் கிணற்றில் ஊற்றினால் கலங்கல் தெரியும் என்று, நடுவில் ஒரு காலி டிரம்மை வைத்து ஜல்லியும் நாரும் போட்டு வடிகட்டினேன். மேலே சீமைப்பலா இலையைப் போட்டு மூடினேன். கிணறு களக் களக் என்று குடித்தது.

தொழுகை முடிந்து வந்த மூசா பே, தெருக் கால்வாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

"இந்தக் கொழா எங்கல போவுது?"

"கடலுக்கு பே."

"கடலு அந்தப் பக்கம்லா இருக்கு?"

"சுத்தி கடலுதானே பே. எந்தப் பக்கம் போனா இன்னா?"

அவர் கத்தியை எடுத்தார். நான் பாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடியாக ஒரு துண்டு விழுந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு போய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் வந்தார். தெருவில் பாதிப் பெண்கள் கூட வந்தார்கள். பாத்துமா தாத்தா கம்பை இறக்கினார். டப்பா முழுகியது. மொண்டு எடுத்தார். முகத்தருகே கொண்டு போய்ச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு இலைக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மீசை ஆடியது எனக்கே தெரிந்தது.

"தேங்காய் வேலை செஞ்சிருச்சு" என்றார் ஆபீசரிடம். "அவன் இருக்கட்டும். குழி மூடற வரைக்கும் இவனை எங்கயும் அனுப்பக் கூடாது."

அதோடு போயிற்றா? அன்று சாயங்காலமே எங்கள் சைட்டு வாசலில் நாலைந்து பெண்கள், கையில் ஆளுக்கொரு தேங்காய். எங்கள் கிணற்றையும் பார் என்று. மூசா பே அவர்களை விரட்டுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளி விட்டது. "மந்திரக்காரன்னு பேரு பரவுச்சுன்னா நீ மட்டுமில்ல, நானும் கப்பல் ஏறணும்ல!"

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. நினைத்துத்தான் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மூசா பே ஒட்டின மூன்றாவது காகிதம் கிழியவில்லை. திங்கள் பார்த்தோம், முழுசாக இருந்தது. ஒரு வாரம் கழித்தும் முழுசாக இருந்தது. கிணற்றில் விட்ட தண்ணீர் சுற்றி மணலில் ஊறி, சுவருக்கு அடியில் போய் ஈரத்தைப் பிடித்து வைத்து விட்டது. ஊறின தண்ணீர் மறுபடி என் குழிக்கே வந்தது. நான் இறைத்தேன், அது கிணற்றுக்குப் போனது, மண்ணுக்குள் புகுந்து திரும்பி என்னிடமே வந்தது. குளத்தில் முழுகி அங்கப்பிரதட்சிணம் செய்கிற பக்தன் மாதிரி ஒரே தண்ணீர் மூன்று வாரம் சுற்றியது. இன்னொரு பம்பும் இறக்க வேண்டியதாயிற்று. "ஊத்துதவனும் நீ, எறைக்கவனும் நீ. நல்ல பொழப்புல" என்றார் மூசா பே. குழியில் கான்கிரீட் விழுந்தது. ரோஜா வீடு நின்றது.

அதற்குப் பிறகு மூசா பே எந்தச் சைட்டிலும் முதலில் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட விடுவார். குழாயை அங்கே விடச் சொல்வார். கேட்டால் தன் யோசனை என்பார். நானும் என் யோசனை என்பேன். இந்தத் தகராறு கடைசி வரை தீரவில்லை.

மாங்காய் சீசன் வந்தது, போனது. இரண்டு வருடம் கழித்து முதல் லீவில் ஊருக்கு வந்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு நேராகச் செங்கல்ராயன் வீட்டுக்குப் போனேன். வெளியே வந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை, பூசணிக்காய் மாதிரி மினுமினுத்தான். நான் வருகிற சேதி கேட்டு, முதல் நாளே திருமலைக்குப் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"சாமிக்குக் குடுத்துட்டேன் மாமா. சாமிக்குக் குடுத்ததுல பாதியத் திருப்பி வாங்கி உனக்கு நான் எப்படிக் குடுப்பேன்?"

மைத்துனன் என்றால் அவன்தான்.

வருடங்கள் போயின. மாலே மேலே மேலே ஏறியது. வீட்டுக்கு வீடு கிணறு மூடினார்கள். கடல் தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் குழாயில் விட ஆரம்பித்த பிறகு, நாற்றம் பிடித்த கிணறு யாருக்கு வேண்டும்? நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வருடம், மூசா பே வேலையை விட்டு விட்டார். ஒரு நாள் கைத்தடியோடு என்னைத் தேடி வந்தார். "பாத்துமா உன்னத்தான் கேக்கா. வீட்ட இடிக்கப் போறாங்களாம். பிள்ளையளுக்கு ஏழு மாடி வேணுமாம்" என்றார்.

போனேன். பாத்துமா தாத்தா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் எனக்கு அவர் பாஷை நாக்கில் ஓடும்.

"இந்தக் குழிக்கு நீதான் பம்பு வெக்கணும்" என்றார். "ஆனா இந்தத் தடவ நல்ல டிரம்மா கொண்டா."

"ஏன் தாத்தா?"

"அந்த டிரம்மு முன்னால டீசல் வெச்சிருந்த டிரம்மு. மூணு வாரம் என் தண்ணியில டீசல் வாசன. நான் குளிச்சிட்டுப் போனா என் தங்கச்சி கேக்கறா, ஏன்க்கா, கெழவி வயசுல லாஞ்சுக்காரனக் கட்டிக்கிட்டியான்னு."

  மூசா பே திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப அன்னிக்கே தெரியுமா?" என்றேன்.

"மொதல் டப்பாவுலயே தெரியும். தேங்காய்க்கு எங்கயாவது டீசல் வாசன வருமா?"

"அப்புறம் ஏன் ஆபீசர்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிடுவாங்க. அடுத்து வர்றவன் என் கிணத்துல ஊத்துவானா? நீ பயந்தவன். பயந்தவன்தான் நிறுத்தாம ஊத்துவான்."

ரோஜா வீட்டை இடித்தார்கள். குழி வெட்டினோம், பம்பு வைத்தேன். மூசா பே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் நான் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிணற்றைத் தேடினேன். இந்தப் பக்கம் அண்ணன் தம்பிகளின் ஆறு மாடி. அந்தப் பக்கம் எட்டு. பின்னால் ஒன்பது. கிணறு என்று ஒன்றும் இல்லை.

"கொழா எங்கல போவுது?" என்றார்.

"கடலுக்கு பே" என்றேன். இந்தத் தடவை கடலுக்குத்தான் போனது.

ரகு கேட்டானே, கிணறு இருந்ததா என்று, அவனுக்கு இதுதான் பதில். கட்டடம் முடிந்ததும் மாடித் தொட்டிக்கு மோட்டாரை மாட்டினவனும் நான்தான். ஏழாம் மாடிக்கு ஏறிப் போய், "தண்ணி வருதா பாருங்க தாத்தா" என்றேன். பாத்துமா தாத்தா குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் பிடித்து, மூக்கருகே வைத்து நன்றாக மோந்து பார்த்தார்.

"டீசல் வாசனயே இல்ல. இது என் தண்ணி இல்ல" என்றார்.